கடைசி மேட்டுக்கான டீசல்

என் வீட்டுக்காரிக்கு வெளியில் இரண்டு பெயர். நோயாளிகளுக்கு அவள் சிஸ்டரம்மா. டீசல் அளந்து ஊற்றும் ஸ்டோர்காரருக்கு மட்டும் 'சொட்டு சிஸ்டர்'. குழாயின் வாயில் தொங்கும் கடைசிச் சொட்டும் டாங்குக்குள் விழுகிறவரை அவர் கையை நகர்த்த விடமாட்டாளாம். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். இவள் கோபப்படவில்லை. "உள்ளதைத்தானே சொல்றாரு" என்று விட்டுவிட்டாள்.

நான் டீசல் மெக்கானிக். வீட்டை ஒட்டியே பட்டறை. என் கை படாத பழைய வண்டி இந்த வட்டாரத்தில் குறைவு என்று நானே சொல்லிக்கொள்வேன். அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுள் போதாது. அப்படிப்பட்ட என்னையே வண்டி விஷயத்தில் அலைக்கழித்தவள் இவள். அந்த ஜீப் மட்டும் இல்லையென்றால் எங்கள் வீட்டில் பாதிச் சண்டை நடந்தே இருக்காது.

எங்கள் கல்யாணத்துக்கும் மூத்த ஜீப் அது. நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. சுகாதார நிலையத்துக்குச் சொந்தம். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. ஆள் வரும்வரை பொறுங்கள் என்றார்கள். பொறுக்கிற ஜாதி இல்லை இவள். என் பட்டறை முற்றத்தில் என்னிடமே வண்டி பழகினாள். கியர் விழும் சத்தத்தைக் கேட்டு நான் காதைப் பொத்திக்கொண்டதும், "வாத்தியார் சரியில்ல" என்று அவள் சொன்னதும் தெருவுக்கே தெரியும். லைசென்ஸ் வாங்கிய வாரமே மருந்துப் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றுக்குக் கிளம்பிவிட்டாள்.

சுற்று என்பது ஆற்றுக்கு இப்பாலும் அப்பாலும் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வருவது. அதில் கடைசியாக, ஆற்றைக் கடந்து இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறினால், கல்குவாரி மேடு. குவாரியை மூடி லாரி வராமல் நின்றுபோன பிறகும் சில குடும்பங்கள் அங்கேயே இருந்தன. போகப் போக்கிடம் இல்லாதவர்கள். லாரிப் பாதையை வெள்ளம் அரித்து, ஆற்றுக்குள் பாறையும் உருட்டுக்கல்லுமாக ஆகிவிட்டது.

அது டீசல் தட்டுப்பாட்டுக் காலம். பெட்ரோல் பங்கில் தனி ஆட்களுக்கு டீசல் கிடையாது. கையில் கேனோடு நின்றால் விரட்டினார்கள். அலுவலக வண்டிகளுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று அளவு வைத்தார்கள். அந்த அளவில் இந்தக் கிழட்டு ஜீப்பால் கல்குவாரி மேட்டைத் தொட முடியாது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த மேட்டைச் சுற்றிலிருந்தே நீக்கிவிட்டார்கள். நோயாளிகள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்து மருந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று உத்தரவு.

எல்லாரும் இறங்கி வரலாம். ஒருத்தி வர முடியாது. கல்லுடைக்கிறவர் ஒருவரின் மனைவி. சின்ன வயதிலிருந்து கல்தூசியைச் சுவாசித்த நெஞ்சு, அதில் காசநோயும் புகுந்துவிட்டது. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாலே மூச்சு வாங்கும். நோய்க்கு மருந்து இருக்கிறது, விடாமல் சாப்பிட்டால் குணமாகும். நர்ஸ் நேரில் பார்த்துத்தான் அதைத் தர வேண்டும், வேறு ஆளிடம் கொடுத்தனுப்ப விதியில்லை. நடுவில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காமல் போய்விடும். பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இதை இவள் என்னிடம் சொன்னது பட்டறையில் நான் ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தபோது.

"ஏங்க, இந்த ஜீப் இப்ப குடிக்கறதைவிடக் கம்மியா குடிக்க வைக்க முடியுமா?"

"முடியும். ஓட்டாம நிறுத்தி வச்சா ஒண்ணுமே குடிக்காது."

அவள் சிரிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

முதலில் சுமையைக் குறைத்தோம். கூரைமேல் இரும்புக் கேரியர், முன்னால் காட்டெருமையே வந்து மோதினாலும் அசையாத இரும்புத் தடுப்பு, பின்னால் பழைய டிரைவர் சேர்த்து வைத்த ஜாக்கிகள், சங்கிலிகள், காலி டிரம். ஒரு குடித்தனமே உள்ளே இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி முற்றத்தில் குவித்தோம். "அடுத்தது என்னையும் இறக்கி விட்டுருவியா?" என்று கேட்டேன். "நீங்க ஏறினாத்தானே இறக்கறதுக்கு" என்றாள். அதுவும் நியாயம். அந்த வண்டியில் நான் எங்கும் போனதில்லை.

பிறகு டயர். குலுங்காமல் போக வேண்டும் என்று பழைய டிரைவர் காற்றைக் குறைத்தே ஓட்டியிருக்கிறார். தொய்ந்த டயர் தரையோடு ஒட்டிக்கொண்டு வரும், அதை இழுக்கவே டீசல் போகும். இன்ஜின் சூடாகிவிடக் கூடாது என்று தெர்மோஸ்டாட்டையும் யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். குளிர்ந்தே கிடக்கும் இன்ஜின் டீசலைச் சரியாக எரிக்காது, புகையாகத் துப்பும். புதிது தேடி மாட்டினேன். நாசில்களைக் கழற்றிப் பார்த்தால், தூறலாகப் பீய்ச்ச வேண்டியவை தாரையாக ஒழுகின. அவற்றையும் சரி செய்தேன்.

பெரிய திருடன் முன்சக்கரத்தில் இருந்தான். தார்ச்சாலையில் பின்சக்கரம் மட்டும் இழுத்தால் போதும். ஆற்றில் இறங்கும்போதுதான் முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும், மேடு ஏறியதும் திறந்துவிட வேண்டும். பழைய டிரைவர் சேற்றில் கால் வைக்கச் சோம்பல்பட்டு எப்போதோ பூட்டியவர், அப்படியே விட்டுவிட்டார். பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. வருடக்கணக்காக அந்த ஜீப் தேவையே இல்லாமல் முன்பக்க இரும்பை எல்லாம் சுழற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது. அதைத் திறக்க நான் பட்ட பாட்டில் உதிர்த்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு டீசல் கணக்கு கொஞ்சம் இடித்தது. அதைக் கண்டுபிடித்தவள் அவள். ஒருநாள் சுற்று முடித்து வந்ததும் இறங்கி, காய்ச்சல் பார்ப்பது போல ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "பின்னாடி இடது பக்கம் மட்டும் சுடுதுங்க" என்றாள். பிரித்துப் பார்த்தேன். பிரேக் ஷூ டிரம்மை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. இதை நான்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். பக்கத்துப் பட்டறைக்காரனிடம் நானே கண்டுபிடித்ததாகச் சொல்லிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

ஓட்டுகிற விதத்தையும் மாற்றினாள். இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிப் போவது பழைய டிரைவரின் சிக்கனம். அதை மட்டும் செய்யாதே, பிரேக் பிடிக்காமல் ஆற்றில்தான் போய் விழுவாய் என்று சத்தம் போட்டேன். கியரில் வைத்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பம்ப் டீசலை நிறுத்திவிடும் என்று காட்டிக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். அவள் கால் அதன் பிறகு பஞ்சு போல ஆகிவிட்டது.

அந்த மாதமே கல்குவாரி மேட்டுக்கு ஏறி இறங்கி, சுற்று முழுவதையும் முடித்துவிட்டு வந்தாள். வாசலில் வண்டியை நிறுத்தியவள் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி டீசல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் கீழே படுத்திருந்தது, ஆனால் வண்டி வீடு வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. பெருமையை வெளியே காட்டாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டேன்.

அதன்பின் தவறாமல் போனாள். ஆற்றங்கரையில் இறங்கி முன்சக்கரங்களைப் பூட்டுவாள். லோ கியரில் உறுமிக்கொண்டே உருட்டுக்கற்களுக்கு நடுவே ஊர்ந்து, இரண்டு வளைவும் ஏறியதும் இறங்கித் திறந்துவிடுவாள். டீசலில் பெரும்பங்கை அந்தத் துண்டுதான் குடித்தது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். "ரோடு நம்ம கையிலயா இருக்கு" என்று சொல்லிக்கொள்வோம். மேட்டில் அந்தப் பெண்ணுக்கு எடை கூடியது. இருமல் குறைந்தது. ஒருநாள் வண்டிச் சத்தம் கேட்டு வளைவு வரை தானே நடந்து வந்து நின்றாளாம். "அக்கா, இன்னிக்கு நானே வந்துட்டேன் பாருங்க" என்றாளாம். இதை வீட்டில் வந்து என்னவள் இரண்டு முறை சொன்னாள்.

பிறகு ஒரு மாதம் நல்ல மழை. ஆற்றில் வெள்ளம். ஜீப் இறங்க வழியில்லை. அந்த ஒரு முறை மட்டும் கல்லுடைக்கிறவரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி வந்து, விதியை மீறி இவள் கொடுத்த மருந்தை வாங்கிப் போனார். மாதக் கடைசியில் ஸ்டோர்காரர் வழக்கம்போல அளவுக்கம்பியை டாங்குக்குள் விட்டு எடுத்தார். கம்பி நனைந்து வந்தது. டீசல் மிஞ்சியிருந்தது.

டீசல் ஒதுக்கும் சுகாதார அதிகாரி கெட்டவர் அல்ல. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லி இவளைப் பாராட்டினார். இவ்வளவு பழைய வண்டியில் மிச்சம் பிடித்துக் காட்டியிருக்கிறார் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள், மிஞ்சிய அளவை அடுத்த மாதத்திலிருந்து குறைத்துவிட்டார். தட்டுப்பாட்டுக் காலத்தில் அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இவள் அவர் அறைக்கே போய் நின்றாள். "சார், அது மிச்சம் இல்ல. மேட்டுக்குப் போக முடியாததால நின்ன டீசல்."

"எந்த மேட்டுக்கும்மா?"

"கல்குவாரி மேட்டுக்கு."

"அது உங்க சுற்றுலயே இல்லையேம்மா" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. குடிகாரன் போலக் குடித்துக்கொண்டிருந்த வரை அந்த ஜீப்புக்கு அளவு குறையவில்லை. ஒழுங்காக நடந்துகொண்டதும் தண்டனை. இதை எந்த ஊர் நியாயம் என்பது? நான் கத்திக்கொண்டிருந்தேன். அவள் ஒரே கேள்வி கேட்டாள். "இன்னும் ஏதாவது குறைக்க முடியுமாங்க?" அந்த வண்டியில் குறைக்க ஒன்றும் மிச்சமில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

அதற்கடுத்த சுற்றிலிருந்து ஜீப்பை ஆற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே ஏறினாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. மூட்டு வேறு வீங்கும். மேட்டில் வண்டி எங்கே என்று கேட்டவர்களிடம் வண்டி மக்கர் பண்ணுகிறது என்று சொல்லி வைத்தாள். "வீட்டுக்காரரு மெக்கானிக்னு சொன்னீங்களேம்மா, அவரு எதுக்கு இருக்காரு?" என்று அவர்கள் சிரித்தார்களாம்.

"ஏம்மா, இந்த வட்டாரத்துலயே என் பேரைக் கெடுக்கணும்னு கங்கணம் கட்டிருக்கியா? டீசல் இல்லைன்னு உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே."

"உடம்பு முடியாத புள்ளைகிட்டப் போய், உனக்கு வர்ற அளவுக்கு டீசல் இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா? நம்மால எல்லாருக்கும் தொந்தரவுன்னு அவ மருந்தையே விட்டுருவா. உங்க பேரு கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்."

என் பேர் அப்படித்தான் போயிற்று. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் இறங்கி வரும்போது ஆற்றுக்குள் உருட்டுக்கல் புரண்டு விழுந்தாள். கணுக்காலில் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். மாற்றுக்கு வந்த நர்ஸ் சின்னப் பெண், ஜீப்புக்குப் போட்ட தற்காலிக டிரைவரோடு சுற்றில் எழுதியிருந்த இடங்களுக்கு மட்டும் போனாள். அவளையும் குறை சொல்ல முடியாது. மருந்தைக் கொடுங்கள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று போய் நின்றேன். நோயாளியை நர்ஸ் நேரில் பார்த்துத்தான் மருந்து தர வேண்டும், வெளியாளிடம் தர விதியில்லை என்றாள். நான் சத்தம் போட்டேன். அவள் அழுதுவிட்டாள். வெறுங்கையோடு திரும்பினேன். என் வீட்டுக்காரி கட்டிலில் படுத்தபடி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மேட்டில் இருந்தவர்கள் மக்கர் பண்ணிய வண்டி இப்போது அடியோடு படுத்துவிட்டது, சரியானதும் சிஸ்டரம்மா வந்துவிடுவார் என்று நம்பிக் காத்திருந்தார்கள். இன்று வருவார், நாளை வருவார் என்று மருந்து விட்டுப்போயிற்று. இருமல் திரும்பி வந்து, ரத்தமும் வந்த பிறகுதான் கல்லுடைக்கிறவர் இறங்கி வந்தார். விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் வாசலில் நிற்கும்போது தற்காலிக டிரைவர் ஓட்டிய ஜீப் தெருவில் போயிற்று. நான் சரி செய்த இன்ஜின், புகையில்லாமல் சீராகப் போயிற்று. அவர் திரும்பி அதைப் பார்த்தார்.

"வண்டி சரியாயிடுச்சுங்களா?"

இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? வண்டி ஒருநாளும் கெடவில்லை என்று சொல்லிவிட்டேன். டீசல் அளவு குறைத்தது, ஆற்றுக்கல்லிலும் வளைவு மேட்டிலும் லோ கியரில் ஏறத்தான் அது போதவில்லை என்பது, இவள் நடந்தது, விழுந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். உள்ளே கட்டிலிலிருந்து இவள் "போதுங்க, விடுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் விடவில்லை.

அவர் உள்ளே வந்து கட்டில் ஓரமாக நின்றார். கை இரண்டும் காய்த்துப்போன கை. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார்.

"கல்லு கிடக்கறதுதான் பிரச்சினைங்களாம்மா?"

"ஆமாப்பா."

"இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. கல்லுதானே" என்றார்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இவள் தாங்கியிருப்பாள்.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கட்டிலோடு சுமந்து ஆற்றைக் கடத்தினார்கள். தற்காலிக டிரைவர் நல்ல மனிதர், யாரையும் கேட்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவளோடு மாமியார் தங்கினாள். கணவர் மேட்டுக்குத் திரும்பிப் போனார். குணமாகி வரும்போது வண்டி வாசல்வரை வர வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மேட்டிலிருந்து ஆண், பெண் எல்லாரும் ஆற்றில் இறங்கினார்கள். கல்லை உடைத்து விற்றுப் பிழைத்தவர்கள், விலை இல்லாமல் உடைத்தார்கள். பாறையைப் பிளந்து பள்ளத்தை நிரப்பினார்கள். ஆற்றின் குறுக்கே கல் பாவினார்கள். வளைவுகளில் அரித்த இடத்தை மேடு தட்டிச் சரிவைக் குறைத்தார்கள். என் வீட்டுக்காரி கட்டுப் பிரித்து, தாங்கித் தாங்கி நடந்து வேலையில் சேர்ந்தபோது பாதை முடிந்துவிட்டது என்று தகவல் வந்தது.

அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்தும் தகவல் வந்தது. மருந்து கேட்கவில்லை. அவள் போய்விட்டாள்.

உடலைக் கொண்டுபோக வேறு வண்டி இல்லை. இவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சாவியை எடுத்தாள். "நீங்களும் வாங்க" என்றாள். முதல்முறையாக அந்த ஜீப்பில் ஏறினேன். பின்னால் மாமியார் மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழக்கதோஷம், என் காது இன்ஜினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாத சத்தம். அது அப்போது எனக்குக் கசந்தது.

ஆற்றங்கரை வந்தது. இவள் இறங்க வேண்டியிருக்கவில்லை. சக்கரத்தைப் பூட்ட வேண்டியிருக்கவில்லை. பாவிய கல்லின்மேல் ஜீப் சாதாரண கியரிலேயே குலுங்காமல் கடந்தது. வளைவிலும் திணறவில்லை. இன்ஜின் ஒருமுறைகூட உறுமவில்லை. உறுமினால் தேவலை என்று இருந்தது.

மேட்டில் எல்லாரும் வெளியே நின்றார்கள். பெண்கள் ஓடி வந்து பின்கதவைத் திறந்தார்கள். அழுகை எழுந்தது. கல்லுடைக்கிறவர் மட்டும் பின்பக்கம் போகவில்லை. தலைமுடியிலும் புருவத்திலும் கல்தூசி அப்பியிருந்தது, கடைசிக் கல்லைக் காலையில்தான் பதித்திருப்பார் போல. நேராக இவள் பக்கக் கதவுக்கு வந்து நின்றார்.

"டீசல் பத்துச்சுங்களாம்மா?" என்று கேட்டார்.

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். இவள் முள்ளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பத்துச்சுப்பா. மிச்சம் இருக்கு" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மனைவியை இறக்கப் பின்பக்கம் போனார். இவள் ஸ்டீயரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. நான் கையை நீட்டி இன்ஜினை அணைத்தேன்.